நவீனக் கவிகள்: சாட்சிகளா, வைத்தியர்களா?

ஆங்கிலத்தில் நவீனக் கவிதை என வழங்கும் பாட்டுக்களைப் பற்றி நம்மவர் இரு விதமாகப் பேசக் கேட்கிறோம். ஒரு சாரார், "தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை, படித்தவன் படித்தவனை ஏய்க்கச் செய்த வித்தை இது" என்று தள்ளிவிடுகின்றனர். மற்றொரு சாரார், விளங்காமையே அதன் மேன்மையென்று தலைமேல் வைத்துக் கூத்தாடுகின்றனர். முன்னவர் படியாமலே பழிக்கின்றனர். பின்னவர் படியாமலே புகழ்கின்றனர். இவ்விரு கூட்டத்தாரையும் சற்றே விலக்கி நிறுத்திவிட்டு, அக்கவிதை எக்காலத்தில், எத்தகைய மனிதரால், என்ன நெருக்கடியில் பாடப்பட்டது என்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம். விசாரணை முடிவில் தீர்ப்பு ஒன்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். தீர்ப்புக்கு அஞ்சும் விமர்சனம் வெறும் விளம்பரமாகிவிடும்.

ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற நம்போன்றார்க்கு ஆங்கிலக் கவிதை என்றவுடன் நினைவுக்கு வருவன ஏரிக்கரை மலர்களும், வானம்பாடியின் குரலும், பண்டை வீரர் கதைகளுமேயாம். வோர்ட்ஸ்வொர்த்தும் டெனிசனும் பாடிய அந்த உலகில் துயரம் இல்லாமல் இல்லை. ஐயமும் இல்லாமல் இல்லை. நண்பனை இழந்த டெனிசன் 1850-ல் வெளியிட்ட இரங்கற்பாவில் கடவுள் நம்பிக்கையே ஆட்டங்காண்கிறது. ஆயினும் அத்துயரும் ஐயமும் அளவொத்த அடிகளில், இயைபு பிசகாமல், ஒழுங்காக வந்து நின்றன. வீட்டினுள் அழுகுரல் கேட்டது. வீடு மட்டும் இடியாமல் நின்றது.

1914-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மூண்ட மகாயுத்தம் அவ்வீட்டை இடித்தது. 1916 ஜூலை முதல் நாள், பிரான்சு தேசத்துச் சொம் ஆற்றுப் பிரதேசத்தில் ஒரே பகலில் பிரிட்டிஷ் படை 57,470 பேரை இழந்தது. அவருள் உயிர் துறந்தோர் 19,240 பேர். விஞ்ஞானம் மனிதனை உயர்த்தும் என்று நம்பியிருந்தவர்கள், அதே விஞ்ஞானம் நச்சுப்புகையாகிப் பதுங்கு குழிகளில் இறங்கக் கண்டனர். 1917-ல் ருஷியச் சக்கரவர்த்தியின் முடி விழுந்தது. 1918-ல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் முடிகள் விழுந்தன. யுத்தம் ஓய்வதற்குள் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவிக் கோடிக்கணக்கான மக்களை வாரிக்கொண்டு போயிற்று. நூறாண்டுகளாகக் கட்டிய நம்பிக்கைகள் ஐந்தாண்டில் பொடியாயின.

இவ்வழிவை முதலில் கண்ணாற் கண்டு பாடியவர்கள் போர்க்களத்துக் கவிகள். அவருள் தலைசிறந்தவர் வில்பிரட் ஓவன் என்னும் இளைஞர். நாட்டுக்காக மடிதல் இனிது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு லத்தீன் பாடஞ் சொல்லிக் கொடுத்த பெரியோரை நோக்கி, நச்சுப்புகையில் மூச்சுத் திணறிச் சாகும் ஒரு சிப்பாயைக் காட்டி, "இதைக் கண்டபின்னும் அப்பொய்யைச் சொல்வீரோ?" என்று கேட்டவர் அவர். 1918 நவம்பர் 4-ம் நாள், தமது இருபத்தைந்தாம் வயதில், ஒரு கால்வாயைக் கடக்கும் போரில் மாண்டார். ஏழு நாளிற் போர் நின்றது. சமாதானத்துக்காகத் தேவாலய மணிகள் ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் மகன் மாண்ட தந்தி பெற்றோர் கைக்குக் கிடைத்ததென்பர். உயிரோடிருந்தபோது அவருடைய பாட்டுக்களிற் சிலவே அச்சேறின. தொகுப்பு வெளிவந்தது 1920-ல் தான்.

ஓவன் பழைய யாப்பைப் பெரும்பாலும் கைவிடவில்லை. ஆயினும் இயைபை வேண்டுமென்றே பிசக வைத்தார். மெய்யெழுத்துக்கள் ஒத்துவர, உயிரெழுத்து மாறிவிடும். காதுக்கு எதிர்பார்த்த ஓசை வாராமல் ஓர் ஏமாற்றம் உண்டாகும். அவ்வேமாற்றமே அவர் சொல்லவந்த பொருளாகவும் இருந்தது. இங்கே அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலத்தின் அச்சம் கவிதையுள் புகும்போது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வாசல் வழியாகப் புகுவதில்லை. அடியிலும் ஓசையிலும் விரிசலாகப் புகுகின்றது. "பயமாயிருக்கிறது" என்று நூறு முறை எழுதிய பாட்டில் பயம் இல்லாதிருக்கலாம். பயம் என்ற சொல்லே வாராத பாட்டில் படிப்பவன் உடல் நடுங்கலாம்.

அயர்லாந்துக் கவி டபிள்யூ. பி. யேட்ஸ் 1919 ஜனவரியில் எழுதி 1920-ல் வெளியிட்ட "இரண்டாம் வருகை" என்னும் சிறு பாட்டு இதற்கு நல்ல உதாரணம். கிறிஸ்து மீண்டும் வருவார் என்பது அச்சமயத்தாரின் ஆறுதல். அவ்வாறுதலைத் தலைகீழாக்கி, வரப்போவது இரக்கமற்ற ஒரு விலங்கு என்று கனவு காண்கிறார் கவி. ருஷியப் புரட்சியும், ஐரோப்பிய யுத்தமும், அயர்லாந்தில் அம்மாதமே தொடங்கிய விடுதலைப் போரும் அவர் மனத்தைக் கலக்கியிருந்தன. அதற்குச் சற்று முன்னர் அவர் மனைவி கருவுற்றிருந்த நிலையில் அந்த விஷக்காய்ச்சலில் உயிருக்கு ஊசலாடிப் பிழைத்தார். 2020-ல் பெருந்தொற்று உலகை முடக்கிய பின்னர், அந்தப் பழைய காய்ச்சலின் சுவடுகளை இப்பாட்டிலும் இதுபோன்ற பிற பாட்டுக்களிலும் பலர் தேடிப் படிக்கத் தொடங்கினர். பாட்டிலோ ருஷியாவின் பெயரும் இல்லை, காய்ச்சலின் பெயரும் இல்லை. அதனாற்றான் ஒவ்வொரு தலைமுறையாரும் தம் பயத்தை அதில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இனி நம் விசாரணையின் நடுவிடத்துக்கு வருவோம். டி. எஸ். எலியட் 1922 அக்டோபரில் லண்டனில் வெளியிட்ட "பாழ்நிலம்" என்னும் பாட்டு, நவீனக் கவிதையை ஏசுவோரும் ஏத்துவோரும் முதலில் எடுத்துக்காட்டுவது. 434 அடிகள், ஐந்து பகுதிகள். எலியட் அமெரிக்காவில் 1888-ல் பிறந்தவர். ஹார்வர்டு சர்வகலாசாலையில் தத்துவமும் வடமொழியும் கற்றவர். 1917 முதல் 1925 வரை லண்டன் லாயிட்ஸ் வங்கியில் கணக்கெழுதி வயிறு வளர்த்தவர். யுத்தத்துக்கு முன் வங்கிக்கும் ஜெர்மானியருக்கும் இடையே இருந்த கடன் வழக்குகளைத் தீர்க்கும் வேலை அவர் மேசைக்கு வந்தது. உலகம் எப்படி உடைந்தது என்பதை அவர் பேரேட்டிலே பார்த்தார் என்று சொன்னாலும் தகும். 1919-ல் தகப்பனார் இறந்தார், மணவாழ்க்கை கசந்தது, 1921-ல் நரம்புத் தளர்ச்சியால் மூன்று மாத விடுப்பெடுத்து, முதலில் மார்கேட் என்னும் கடற்கரை ஊரிலும், பின்னர் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து வைத்தியர் ஒருவரிடமும் தங்கினார். அந்நாட்களில் உருப்பெற்றதே இப்பாட்டு. நண்பர் எஸ்ரா பவுண்டு கைப்பிரதியில் ஏறக்குறைய பாதியை வெட்டிச் சீராக்கினார்.

பாட்டில் ஒரு கதையில்லை, ஒரு பாத்திரமில்லை, ஒரு மொழிகூட இல்லை. குறி சொல்லும் பெண் பேசுகிறாள்; சாராயக் கடையிலே ஒருத்தி வம்பளக்கிறாள்; ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், வடமொழி எல்லாம் இடையிடையே வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. பனி படர்ந்த காலையில் லண்டன் பாலத்தின்மேல் வேலைக்குச் செல்லும் கூட்டத்தை, நரகத்தில் நடக்கும் பிணக்கூட்டமாகக் காண்கிறார் கவி. அவர் தாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நாள்தோறும் நடந்தவரே. குண்டு விழுந்த வீட்டின் சுவரோரத்தில் உடைந்த பாண்டமும், கிழிந்த படமும், பாட்டனார் பெட்டியும், குழந்தையின் செருப்பும் ஒருங்கே கிடக்குமன்றோ? அவற்றை ஒழுங்காக அடுக்கி வைத்துக் காட்டினால் வீடு இடிந்தது யாருக்குத் தெரியும்? கிடந்தபடியே காட்டினார் எலியட். விளங்கவில்லை என்று குறை கூறுவோர் இதனை ஓர்ந்து பார்க்க வேண்டும். அதற்காக அவர் பாட்டின் பின்னிணைப்பாகக் குறிப்புகளையும் சேர்த்துப் படிப்பவரை நூலகத்துக்கு விரட்டியது முழுவதும் நியாயம் என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிப்பில் சிறிது மிடுக்கும் கலந்திருக்கிறது.

தோட்டத்து அன்பர்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டலாம். இப்பாட்டு வெளிவந்த அடுத்த மாதம், 1922 நவம்பர் முதல் நாள், மலாயாவிலும் இலங்கையிலும் ஸ்டீவன்சன் திட்டம் அமுலுக்கு வந்தது. யுத்தத்துக்குப்பின் வந்த வியாபார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து வீழ, ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை நிமிர்த்த எடுத்த முயற்சி அது. லண்டன் பாலத்தில் நடந்த கிராணியின் முகத்தில் விழுந்த நிழலும், இங்கே பால்மரத்தடியில் நின்றவன் கூலியில் விழுந்த நிழலும் ஒரே மேகத்தின் நிழல்களே. பாட்டில் இங்குள்ளவர் எவரும் இல்லை. ஆயினும் அதன் அச்சம் நமக்கு முற்றும் அந்நியமன்று.

இவ்விடத்தில் கற்றோர் சிலர் தடை எழுப்புவர். "காலத்தின் அச்சம் என்று நீர் சொல்கிறீர், கவியோ அதை மறுத்தாரே" என்பர். உண்மைதான். ஒரு தலைமுறையின் ஏமாற்றத்தைத் தாம் பாடியதாகச் சொல்வது அபத்தம் என்று எலியட் 1931-ல் எழுதினார். தம் சொந்த வாழ்க்கைமேல் தமக்கிருந்த சிறு முணுமுணுப்பே அப்பாட்டு என்று அவர் சொன்னதாக, 1971-ல் அச்சான கைப்பிரதிப் பதிப்பிலும் காண்கிறோம். இதற்கு நம் விடை எளிது. காய்ச்சல் ஒவ்வொருவனுக்கும் அவனவன் உடம்பில்தான் வருகிறது. ஊரெல்லாம் வந்தபோது கொள்ளைநோய் என்கிறோம். நோயாளி தன் தலைவலியைத்தான் சொல்வான்; ஊர்க்கணக்கை அவன் சொல்ல வேண்டுவதில்லை. ஒருவனுடைய முணுமுணுப்பை ஆயிரம் பேர் தம் முணுமுணுப்பென்று கண்டுகொண்டால், அது காலத்தின் குரலாகிவிட்டது. கவி மறுத்தாலும் அது மாறாது.

ஆனால் இப்பாட்டின்மேல் நமக்கு வேறொரு வழக்கு உண்டு. மூன்றாம் பகுதியிலே ஒரு காட்சி வருகிறது. டைப்பிஸ்ட்டாக வேலை செய்யும் பெண் மாலையில் தன் சிற்றறைக்குத் திரும்பிக் காலையுணவின் பாத்திரங்களை ஒதுக்கி, டின்னில் அடைத்த உணவை எடுத்து வைக்கிறாள். வீட்டுத்தரகர் ஒருவரிடம் வேலை பார்க்கும் சிறு கிராணி ஒருவன் வருகிறான். அன்பில்லாத ஒரு கூடல் நிகழ்கிறது. அவன் போனபின், முடிந்தது நல்லதாயிற்று என்னும் அளவுக்கே அவளுக்கு எண்ணம் ஓடுகிறது. கிராமபோனில் ஒரு தட்டை வைக்கிறாள். கிரேக்கப் புராணத்துக் குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் இதை எல்லாம் காண்கிறான்.

காட்சி உண்மையானது, நகரத்துத் தனிமையை இவ்வளவு சில அடிகளில் காட்டியவர் அரியர். ஆனால் அக்கிராணியைக் கவி காணும் கண் எத்தகையது? அவன் முகத்துப் பருவைச் சொல்கிறார். அவன் துணிச்சலைத் திடீர்ப் பணக்காரன் ஒருவனுடைய செருக்குக்கு ஒப்பிட்டு, அவன் பிறப்பைத் தாழ்த்திச் சொல்கிறார். முதற் கைப்பிரதியில் இவ்வேளனம் இன்னும் நீண்டிருந்தது. நாமும் ஒரு தோட்டத்து ஆபீசில் செக்ரோல் புத்தகத்தின் முன் குனிந்து பிழைப்பவர். வங்கிக் கிராணியொருவர் தரகர்வீட்டுக் கிராணியைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது நமக்கு எளிதில் புலப்படுகிறது. அதே மூக்குச் சுளிப்பு நம் ஆபீசிலும் உண்டு. கிராணி லயத்தைப் பார்த்துச் சுளிக்கிறான். பெரிய கிராணி சின்னக் கிராணியைப் பார்த்துச் சுளிக்கிறான். ஆகவே இக்குற்றத்தை எலியட்மேல் மட்டும் சுமத்தி நாம் தப்பித்துக்கொள்ளவில்லை. ஆயினும் குற்றம் குற்றமே. அக்காலத்துக் கற்றோர் பலருக்கு யுத்தத்தையும் காய்ச்சலையும் விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது பெருகிவரும் சாதாரண ஜனங்களைப் பற்றிய பயம். டின் சாப்பாடும், கிராமபோனும், தட்டெழுத்தும் கைக்கெட்டிய ஜனங்கள் தம் உலகத்தைத் தாழ்த்திவிடுவார்கள் என்ற பயம் இக்காட்சியில் ஒளிந்திருக்கிறது.

நீதி கருதி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் பகுதியில் வரும் சாராயக் கடைப் பேச்சிலே இந்த ஏளனம் இல்லை. நான்காண்டு பட்டாளத்திலிருந்து திரும்பும் கணவன். ஐந்து குழந்தைகள் பெற்று, ஆறாவதைத் தவிர்க்க மருந்து விழுங்கி, முகம் வாடி, பல்லிழந்த மனைவி. அவளுக்குப் புத்தி சொல்வதாகப் பொரிந்து தள்ளும் தோழி. கடை சாத்த நேரமாயிற்றென்று குரல் கொடுக்கும் கடைக்காரன். தம் வீட்டு வேலைக்காரி சொல்லக் கேட்டதைக் கொண்டு இதை எழுதியதாக எலியட்டே கூறியுள்ளார். கேட்டு எழுதியபோது ஏழையின் குரல் உயிரோடு வந்தது. எட்ட நின்று பார்த்து எழுதியபோது ஏழை கேலிப்பொருள் ஆனான். விமர்சனத்துக்கு இதைவிட நல்ல பாடம் வேறு வேண்டுவதில்லை.

பாட்டின் முடிவில் இடி முழங்குகிறது. பிருகதாரணியக உபநிடதத்தில் இடியின் ஓரெழுத்தைத் தேவர் அடக்கம் என்றும், மனிதர் ஈகை என்றும், அசுரர் இரக்கம் என்றும் பொருள்கொண்ட கதையை எலியட் எடுத்தாள்கிறார். ஆனால் அம்மூன்றும் தமக்குக் கைகூடிற்று என்றோ, பாழ்நிலம் விளைநிலம் ஆயிற்று என்றோ அவர் சொல்லவில்லை. தாகத்தோடு நிற்கிறவன், தாகத்தோடே நிற்கிறான். இங்கே அவர் சாட்சி. கண்டதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை. இப்பாட்டின் பெருமை முழுவதும் இதிலே அடங்கியிருக்கிறது.

பிற்பாடு இக்கவிகள் சாட்சிக் கூண்டை விட்டு இறங்கி வைத்தியர் நாற்காலியில் அமர்ந்தனர். பயந்தவன் நெடுநாள் பயத்தோடு வாழ மாட்டான். யாராவது ஒழுங்கு தருவேன் என்றால் ஓடிப்போய்க் காலைப் பிடிப்பான். எலியட் 1927-ல் ஆங்கிலத் திருச்சபையிற் சேர்ந்தார். மறு ஆண்டில் தம்மை அரசியலில் முடியாட்சிக்காரர் என்று அறிவித்துக்கொண்டார். நம்பிக்கை அவர் சொந்த விஷயம். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் 1933-ல் அமெரிக்காவில் ஆற்றிய சொற்பொழிவொன்றில், மரபு தழைக்க வேண்டுமாயின் சுயசிந்தனையுள்ள யூதர் மிகப்பலர் இருப்பது விரும்பத்தக்கதன்று என்று பேசினார். ஹிட்லர் ஜெர்மனியில் பதவியேறிய ஆண்டும் அதுவே. அந்நூலைப் பின்னர் அவர் மறுபதிப்புச் செய்ய விடவில்லை. ஆயினும் சொன்ன சொல் சொன்னதே. யேட்ஸ் அதே காலத்தில் அயர்லாந்தின் நீலச்சட்டைப் படைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துப் பின் விலகினார். பவுண்டு எல்லாரையும் மிஞ்சினார். 1941 முதல் 1943 வரை முசோலினியின் ரோமாபுரி வானொலியில் யூதர்களைத் தூற்றிப் பேசினார். ராஜத்துரோக வழக்குக்கு ஆளாகி, 1945-ல் பிடிபட்டு, விசாரணைக்குத் தகுதியற்ற மனநிலையினர் எனக் கண்டு 1958 வரை மனநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்டார். அந்நிலையிலேயே 1949-ல் அவருடைய கவிதைக்குப் பெரும் பரிசும் அளித்தனர். நோயை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர்கள் விஷத்தையே மருந்தென்று நீட்டியது எப்படி? நோய் தெரிந்தவனுக்கெல்லாம் வைத்தியம் தெரியும் என்பது நம் பழைய மயக்கம். கவியை ஞானியாக்கி, ஞானியைத் தலைவனாக்கும் மயக்கமும் அதுவே.

இவர்களுக்கு மாறாக ஒருவரைச் சொல்லி முடிக்கலாம். ஜெர்மனி போலந்தின்மேல் பாய்ந்த நாளாகிய 1939 செப்டம்பர் முதல் தேதியையே தலைப்பாக்கி, டபிள்யூ. எச். ஆடன் நியூயார்க்கில் ஒரு பாட்டு எழுதினார். சாராயக் கடையொன்றில் அமர்ந்து, பத்தாண்டின் பொய்கள் செத்து விழுவதைப் பார்த்து நடுங்கும் ஒருவன் குரல் அது. அதில் அவர் மருந்தும் ஒன்று சொன்னார். மனிதர் ஒருவரையொருவர் நேசித்தே தீரவேண்டும், இல்லையேல் சாவுதான் என்பது அதன் கருத்து. உலகம் அவ்வடியைத்தான் கொண்டாடியது. ஆடனுக்கோ அது உறுத்திற்று. நேசித்தாலும் சாகத்தானே போகிறோம், இது மெய்யன்று என்று எண்ணி, அடியை ஒருமுறை திருத்தினார். திருத்தியும் மனம் ஆறாமல், 1966-ல் வந்த தம் தொகுப்பிலிருந்து பாட்டையே நீக்கிவிட்டார். புகழ் பெற்ற பாட்டைத் தானே கிழித்தெறிந்த கவி எத்தனை பேர் உளர்? அம்மருந்து பொய்யோ மெய்யோ, அதை ஐயுற்ற நேர்மையை நாம் வணங்குகிறோம். 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்தபோது, ஜனங்கள் அந்தப் பாட்டைத் தேடியெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர். கவி விலக்கிய பாட்டைக் காலம் சாட்சியாக அழைத்துக்கொண்டது.

தமிழிலும் இக்கவிதையின் காற்று வீசாமலில்லை. 1959-ல் சி. சு. செல்லப்பா தொடங்கிய "எழுத்து" ஏட்டில் புதுக்கவிதை வளர்ந்தபோது எலியட்டின் பெயரும் பவுண்டின் பெயரும் அடிபட்டன. உண்மையாக உடைந்தவர் உடைந்த அடியில் எழுதினர், அவை நிற்கின்றன. வேறு சிலரோ வீடு இடியாதிருக்கச் சுவரை மட்டும் இடித்துக் காட்டினர், அவை நிற்கவில்லை. யாப்பை முறிப்பதற்கு முன், தன் வாழ்வில் முறிந்தது யாது என்று எழுதுகிறவன் தன்னைக் கேட்டுக்கொள்வானாக.

இனி நம் தீர்ப்பு. நவீனக் கவிகள் தம் காலத்து அச்சத்துக்குச் சிறந்த சாட்சிகள். அவர்கள் கண்டதையும், கண்டபோது குரல் தடுமாறியதையும் நாம் நம்பலாம். அத்தடுமாற்றத்தைக் குறையென்று தள்ளலாகாது. யாரைக் காணாமல் விட்டார்கள், யாரைக் கண்டு மூக்கைச் சுளித்தார்கள் என்பதையும் அதே பாட்டில் தேடிப் படிக்க வேண்டும். அதுவும் காலத்தின் அச்சத்தைச் சேர்ந்ததே. ஆனால் அவர்கள் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தால், கடைக்காரனிடம் நீட்டுவதற்கு முன் நாமே இருமுறை வாசித்துப் பார்ப்போமாக. தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம் இளைஞர் இப்பாட்டுக்களைப் பயபக்தியோடும் படிக்க வேண்டாம், பரிகாசத்தோடும் படிக்க வேண்டாம். நீதிமன்றத்தில் அமர்ந்து வாக்குமூலம் கேட்பவரைப்போல, காதைத் திறந்துவைத்து, தீர்ப்பைத் தம் கையிலே வைத்துக்கொண்டு படிப்பார்களாக.